அத்தியாயம் 9: பாட்டோடு ஓடும் படங்கள் – குடும்பப் படக்காட்சியை டிவிடியில் ஏற்றுவது எப்படி?

மணிவிழா நடக்கப்போகும் வீட்டில் படங்களுக்குப் பஞ்சமே இருக்காது. பீரோவில் நாலு ஆல்பம், மகனின் லேப்டாப்பில் ஒரு ஃபோல்டர், மருமகளின் போனில் சில ஆயிரம், வெளியூரில் இருக்கும் மகளின் போனில் இன்னும் சில ஆயிரம். இவற்றில் நூற்றைம்பது, நூற்றெழுபது படங்களைப் பொறுக்கி, மூன்று பாட்டோடு கோத்து, டிவியில் பதினைந்து நிமிடத்துக்குள் ஓடி முடியும் ஒரு டிவிடியாக்கி, விழாவுக்கு வரும் உறவினர் கையில் ஆளுக்கொன்று கொடுக்கப்போகிறோம். மணிவிழா ஓர் எடுத்துக்காட்டுதான். காதுகுத்து, புதுமனை புகுவிழா, பள்ளியின் ஆண்டுவிழா எதுவானாலும் முறை இதேதான்.

‘இந்தக் காலத்தில் டிவிடியா?’ என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். ஊரில் இருக்கும் பெரியம்மாவுக்குப் பழகிய பொருள் அது. பிளேயரில் போட்டால் படம் ஓடிவிடும். பென் டிரைவில் கொடுக்கலாம்தான். ஆனால் பழைய பிளேயர்கள் பல, இன்றைய எம்பி4 கோப்புகளைத் திறப்பதில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் சுருங்கிப் போகும். அதோடு, ஒருமுறை பதிந்த டிவிடி-ஆர் வட்டில் இருப்பதைக் கைதவறி யாரும் அழிக்க முடியாது. இதே வட்டில் மூலப் படங்களையும் சேர்த்து வைக்கும் வழி ஒன்று உண்டு; அதையும் பார்ப்போம்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு படம் தேடினால் வேலை முடியவே முடியாது. முதலில் பாட்டு, அடுத்து எண்ணிக்கை, அதற்கேற்ற படங்கள், அதன் பிறகுதான் மென்பொருள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். படக்காட்சி நன்றாக வருவதும் வராததும் முதல் மூன்றிலேயே தீர்மானமாகிவிடும்.

பாட்டே அளவுகோல்

எத்தனை படம் வேண்டும் என்பதைப் பாட்டின் நீளம் சொல்லும். நாலரை நிமிடப் பாட்டு என்றால் 270 வினாடி. ஒவ்வொரு படமும் 5 வினாடி திரையில் இருக்கிறது. ஒன்று மங்கும்போதே அடுத்தது தெளியும் டிசால்வுக்கு 1 வினாடி போகிறது என்று வையுங்கள். அப்படியானால் படத்துக்கு நிகரமாக 4 வினாடி. 270-ஐ 4-ஆல் வகுத்தால் 67 படம். இந்த மாதிரி மூன்று பாட்டு என்றால் மொத்தம் பதின்மூன்றரை நிமிடம், 200 படம்.

ஆனால் எல்லாப் படத்துக்கும் ஒரே நேரம் ஒதுக்குவது சரியில்லை. ஒரு முகம் மட்டும் உள்ள படத்தைப் பார்க்க 4 வினாடி தாராளம். முப்பது பேர் நிற்கும் கல்யாண குரூப் போட்டோவில் பார்ப்பவர் ஒவ்வொருவரும் முதலில் தேடுவது தன் முகத்தை. தேடிக் கண்டுபிடித்து, பக்கத்தில் இருப்பவருக்குக் கைநீட்டிக் காட்டி முடிக்க 8 வினாடியாவது வேண்டும். மூன்று பாட்டுக்கும் சேர்த்து நாற்பது குரூப் படங்களுக்கு நிகரம் 7 வினாடி கொடுத்தால் 280 வினாடி போகும். மீதியுள்ள 530 வினாடியில் 130 தனிப்படம் அடங்கும். ஆக மொத்தம் 170. இதுதான் உங்கள் உச்சவரம்பு. இதற்குமேல் எத்தனை நல்ல படம் கிடைத்தாலும் உள்ளே இருக்கும் ஒன்றை வெளியே எடுத்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது வேகத்தைப் பாருங்கள். கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு நிதானமான பாட்டு, பிள்ளைகள் வளரும் காலத்துக்குத் துள்ளலானது, இப்போதைய படங்களுக்கு வார்த்தையில்லாத இசை என்று மூன்றாகப் பிரிப்பது பெரும்பாலும் பொருந்தும். வார்த்தைகளையும் கவனியுங்கள். மெட்டு இனிமையாக இருக்கிறது என்று சோகப் பாட்டை மணிவிழாவில் போட்டுவிட்டால் விழா முடிந்த பிறகும் அதைச் சொல்லிக் காட்டுவார்கள்.

படம் பொறுக்குதல்

முதல் சுற்றில் எதையும் அழிக்காதீர்கள். நகல் எடுத்த ஃபோல்டரில் மட்டும் வேலை செய்யுங்கள். மங்கல், கண்மூடல், ஒரே காட்சியின் ஐந்து பிரதி ஆகியவை முதலில் போகட்டும். அடுத்த சுற்றில் ஒரு தாளில் உறவுகளின் பெயர்ப் பட்டியல் எழுதுங்கள். அண்ணன் தம்பி, அக்கா தங்கை, இரு பக்கத்துச் சம்பந்தி, மாப்பிள்ளை, மருமகள், பேரன் பேத்தி, பக்கத்து வீடு, அலுவலக நண்பர் என்று ஒவ்வொருவரும் ஒரு படத்திலாவது வருகிறார்களா என்று டிக் அடியுங்கள். ஒரு சம்பந்தி ஆறு படத்தில் வந்து இன்னொருவர் ஒன்றில்கூட வராவிட்டால், அதை நீங்கள் பார்க்கத் தவறினாலும் அவர் வீட்டில் தவறமாட்டார்கள்.

வரிசை காலப்படி போகட்டும். ஆனால் ஆண்டு ஆண்டாக அடுக்கினால் நடுவில் தொய்ந்துவிடும்; பாட்டுக்கு ஒரு காலம் என்று பிரித்தாலே போதும். ஒவ்வொரு பாட்டையும் ஒரு நல்ல குரூப் படத்தில் முடியுங்கள்.

உறவினரிடம் படம் கேட்கும்போது வாட்ஸ்அப்பில் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருக்கப்பட்டே வரும். அச்சுப் படங்களைப் போனில் படம்பிடித்தால் கண்ணாடித்தாளின் பளபளப்பும் கோணலும் சேர்ந்துவிடும், ஸ்கேனரில் எடுங்கள். 6×4 அங்குலப் படத்தை 300 டிபிஐயில் எடுத்தால் 1800×1200 புள்ளிகள் கிடைக்கும், அது போதும். பாஸ்போர்ட் அளவுப் படமானால் 600 டிபிஐ வையுங்கள்.

படங்களைத் தயார் செய்தல்

விண்டோஸில் இலவசமாகக் கிடைக்கும் இர்ஃபான்வியூ இந்த வேலைக்குப் போதுமானது. அதில் ‘பேட்ச் கன்வெர்ஷன்/ரீநேம்’ என்ற வசதியில் மூன்று காரியங்களை மொத்தமாக முடிக்கலாம்.

முதலாவது, பெயர். படங்களுக்கு 001, 002, 003 என்று மூன்று இலக்கத்தில் பெயர் வையுங்கள். வெறும் 1, 2, 3 என்றிருந்தால் சில மென்பொருள்கள் 1-க்கு அடுத்து 10-ஐயும் 100-ஐயும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பிறகுதான் 2-க்கு வரும். கோப்புப் பெயரை ஆங்கில எழுத்திலோ எண்ணிலோ வைப்பது பாதுகாப்பு.

இரண்டாவது, நிமிர்த்தல். போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படம் பல நேரம் கோப்புக்குள் படுத்தபடியேதான் இருக்கும். ‘இதைத் திருப்பிக் காட்டு’ என்ற குறிப்பு மட்டும் கூடவே எழுதப்பட்டிருக்கும். அந்தக் குறிப்பைப் படிக்காத மென்பொருளில் தாத்தா பக்கவாட்டில் படுத்துக் கிடப்பார். எல்லாப் படத்தையும் நிமிர்த்திச் சேமித்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

மூன்றாவது, அளவு. டிவிடியின் திரை 720×576 புள்ளிகள்தான். 4000×3000 புள்ளிகள் உள்ள போன் படத்தை அப்படியே கொடுத்தால் கணினி திணறுமே தவிர, டிவியில் கூடுதலாக எதுவும் தெரியாது. நீண்ட பக்கம் 2400 புள்ளி என்று குறைத்துக்கொள்ளுங்கள். மெல்ல நெருங்கும் அசைவு கொடுக்கவும், பிறகு முழு எச்டி கோப்பு எடுக்கவும் இது போதும்.

நெட்டுக்குத்தான படங்கள் அகலத் திரையில் இருபுறமும் கறுப்புப் பட்டையோடு வரும். ஒரே காலத்து நெட்டுப் படங்கள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி ஒரே படமாக்குங்கள். இர்ஃபான்வியூவின் ‘கிரியேட் பனோரமா இமேஜ்’ இதைச் செய்யும்.

எந்த மென்பொருள்?

இந்தத் துறையில் மென்பொருள்கள் வந்து வந்து மறைந்திருக்கின்றன. விண்டோஸ் விஸ்டாவிலும் 7-லும் இருந்த ‘விண்டோஸ் டிவிடி மேக்கர்’ விண்டோஸ் 8-இல் காணாமல் போனது. மூவி மேக்கரை மைக்ரோசாஃப்ட் 2017 ஜனவரியில் கைவிட்டது. கல்யாண ஸ்டூடியோக்களில் நெடுநாள் புழங்கிய புரோஷோவைத் தயாரித்த ஃபோட்டோடெக்ஸ் நிறுவனம் 2020 ஜனவரி 31-இல் கடையை மூடியது. அதனால் இந்த நூலில் காசு கொடுத்து வாங்கும் எதையும் பரிந்துரைக்கவில்லை. கீழே உள்ள நான்கும் இலவசம்.

• ஆடாசிட்டி – பாட்டை வெட்ட, ஒட்ட, ஒலி அளவைச் சமப்படுத்த.
• ஷாட்கட் – படங்களைக் கோத்துப் பாட்டோடு வீடியோவாக்க.
• டிவிடிஸ்டைலர் – மெனு வைத்து, டிவிடி பிளேயருக்குப் புரியும் வடிவில் மாற்ற.
• இம்ஜ்பர்ன் – வட்டில் பதிய. இதன் 2.5.8.0 பதிப்பு 2013-இல் வந்தது. இன்றும் வேலை செய்கிறது.

எதையும் அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். நிறுவும்போது கூடவே வேறு எதையாவது சேர்க்கவா என்று கேட்டால் டிக்கை எடுத்துவிடுங்கள். புதிய லேப்டாப்பில் டிஸ்க் டிரைவ் இருக்காது; யுஎஸ்பியில் செருகும் டிவிடி ரைட்டர் ஒன்று வேண்டும்.

பாட்டைச் சீராக்குதல்

ஆடாசிட்டியில் மூன்று பாட்டையும் தனித்தனியாகத் திறந்து, புராஜெக்ட் ரேட்டை 48,000 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். ஆடியோ சிடியின் ஒலி 44,100. டிவிடிக்கு 48,000 என்பது விதி. பழைய பதிவு மெல்லியதாகவும் புதியது காதைப் பிளப்பதாகவும் இருக்கும். ‘லவுட்னெஸ் நார்மலைசேஷன்’ கொடுத்து மூன்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் பார்ப்பவர் ரிமோட்டும் கையுமாகவே உட்கார்ந்திருப்பார். பாட்டை நடுவில் நிறுத்துவதானால் சரணம் முடியும் இடத்தில் வெட்டி, கடைசி 4 வினாடிக்கு ‘ஃபேட் அவுட்’ கொடுங்கள். வேவ் கோப்பாகச் சேமியுங்கள்.

ஓர் எச்சரிக்கை. பாட்டுச் செயலிகளில் ‘டவுன்லோட்’ செய்த பாட்டு அந்தச் செயலிக்குள் மட்டுமே ஒலிக்கும்படி பூட்டப்பட்டிருக்கும். வேறு மென்பொருளில் திறக்காது. சிடியாகவோ எம்பி3 கோப்பாகவோ வாங்கிய பாட்டுதான் உதவும்.

ஷாட்கட்டில் கோப்பது

1. செட்டிங்ஸில் ‘வீடியோ மோட்’ என்ற இடத்தில் எச்டி 1080பி, 25 எஃப்பிஎஸ் தேர்ந்தெடுங்கள். 25 என்பது நம் ஊர் டிவி முறைக்கான எண்.

2. ஒரு பாட்டுக்கான படங்களை இழுத்து ‘பிளேலிஸ்ட்’ பெட்டியில் போடுங்கள்.

3. முதல் குரூப் படம் வரும்வரை உள்ள தனிப்படங்களைத் தேர்ந்தெடுத்து, பிளேலிஸ்ட் மெனுவில் ‘ஆட் செலக்டட் டு ஸ்லைட்ஷோ’ கொடுங்கள். படத்துக்கு 5 வினாடி, டிசால்வுக்கு 1 வினாடி என்று எழுதுங்கள். நெருங்கும் அசைவை 5 அல்லது 10 சதவீதத்துக்குள் வையுங்கள். அதற்குமேல் போனால் பெரியவர்களுக்குத் தலை சுற்றும்.

4. கிடைக்கும் தொகுப்பை டைம்லைனில் வையுங்கள். அடுத்து குரூப் படத்தைத் தனியாக இறக்கி, அதன் ஓரத்தைப் பிடித்து 8 வினாடிக்கு இழுங்கள். அதை முந்திய தொகுப்பின் மேல் 1 வினாடி ஏறும்படி நகர்த்தினால் டிசால்வ் தானாக விழும். மறுபடி ஒரு தொகுப்பு, மறுபடி ஒரு குரூப் படம் என்று தொடருங்கள்.

5. ஆடியோ டிராக் ஒன்றைச் சேர்த்து, வேவ் கோப்பை அதில் வையுங்கள். படம் முந்தினால் இரண்டு மூன்று குரூப் படங்களை நீட்டுங்கள். பாட்டு முந்தினால் ஒன்றிரண்டு தனிப்படங்களை எடுத்துவிடுங்கள்.

6. எம்பி4 கோப்பாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். மூன்று பாட்டுக்கும் தனித்தனியாக மூன்று கோப்பு. போனிலும் யூடியூபிலும் பார்ப்பவர்களுக்கு இந்தக் கோப்பையே கொடுக்கலாம்.

பக்கம் புரளுவது, இதயம் விரிவது, நட்சத்திரம் சிதறுவது போன்ற மாற்றங்களைத் தொடாதீர்கள். முதல் தடவை வேடிக்கையாக இருக்கும். பத்தாவது தடவை முகத்தைப் பார்க்கவிடாமல் செய்யும். டிசால்வ் ஒன்றே போதும்.

தலைப்பும் ஆண்டும் தமிழில் எழுதுவதானால் யூனிகோடு எழுத்துரு பயன்படுத்துங்கள். விண்டோஸில் இருக்கும் நிர்மலா, இலவசமாகக் கிடைக்கும் நோட்டோ இரண்டும் நன்றாக வரும். எழுத்து பெரிதாகவும் தடித்தும் இருக்கட்டும். மெல்லிய கோடுகள் டிவிடியில் நடுங்கும். திரையின் ஓரத்தில் பத்தில் ஒரு பங்கு இடத்தை எல்லாப் பக்கமும் காலியாக விடுங்கள். பழைய குழாய் டிவிகள் ஓரத்தை விழுங்கிவிடும்.

டிவிடிஸ்டைலரில் மெனு

புதிய புராஜெக்ட் தொடங்கும்போது அது கேட்கும் கேள்விகளுக்கு இப்படிப் பதில் கொடுங்கள். வட்டின் கொள்ளளவு 4.7 ஜிபி, வீடியோ முறை பிஏஎல், திரை விகிதம் 16:9, ஒலி ஏசி3.

இதில் வீடியோ முறையில்தான் கவனம் வேண்டும். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன் எல்லாம் பிஏஎல். அமெரிக்காவிலும் கனடாவிலும் என்டிஎஸ்சி. அதன் அளவு 720×480. நம் ஊர் பிளேயர்கள் பெரும்பாலும் இரண்டையும் காட்டும். டொராண்டோவில் இருக்கும் சித்தப்பாவின் பிளேயர் பிஏஎல் வட்டைக் காட்டாமல் போக வாய்ப்பு அதிகம். அவருக்கு அனுப்ப என்டிஎஸ்சி முறையில் தனியாக ஒன்று செய்யுங்கள்.

வார்ப்புரு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மூன்று எம்பி4 கோப்புகளையும் கீழ்ப்பட்டையில் இழுத்துப் போடுங்கள். மெனுவின் பின்னணிக்குத் தம்பதியின் படம் ஒன்று போதும். பட்டன்கள் நான்கு: ‘முழுவதும்’, பிறகு பாட்டுக்கு ஒன்றாக மூன்று. அதற்குமேல் வேண்டாம், ரிமோட்டின் அம்புக்குறியை அழுத்திப் போகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். மெனுவில் தமிழ் எழுத்தின் கொம்பும் காலும் இடம் மாறி விழுந்தால், எழுத்தை வேறு மென்பொருளில் படத்தின் மேலேயே எழுதி, அந்தப் படத்தைப் பின்னணியாக வையுங்கள்.

முடிந்ததும் ‘பர்ன்’ பட்டனை அழுத்தி, வருகிற பெட்டியில் ‘ஜஸ்ட் ஜெனரேட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். வட்டில் எதையும் பதியாமல், வீடியோ_டிஎஸ் என்ற ஃபோல்டரை மட்டும் அது உருவாக்கிக் கொடுக்கும். டிவிடி பிளேயர் தேடுவது இந்த ஃபோல்டரைத்தான். எம்பி4 கோப்பை அப்படியே வட்டில் எழுதிக் கொடுத்தால் பல பிளேயர்கள் ‘நோ டிஸ்க்’ என்று சொல்வதற்கு, அது இல்லாததே காரணம்.

வட்டில் பதிவது

4.7 ஜிபி என்று அட்டையில் போட்ட வட்டை விண்டோஸ் 4.38 ஜிபி என்று காட்டும். ஏமாற்று இல்லை, எண்ணும் முறை வேறு. நல்ல தரத்தில் டிவிடி வீடியோ நிமிடத்துக்குச் சுமார் 60 எம்பி பிடிக்கும். நம் காட்சி பதினைந்து நிமிடத்துக்குள் என்பதால் 900 எம்பியைத் தாண்டாது. மீதி மூன்று ஜிபிக்கு மேல் காலி. அந்த இடத்தில் மூலப் படங்களை வையுங்கள். படத்துக்கு 4 எம்பி என்றாலும் 800 படம் அடங்கும். காட்சியில் இடம்பிடிக்காமல் போனவையும் இங்கே வரலாம்.

இம்ஜ்பர்னில் கோப்புகளிலிருந்து இமேஜ் உருவாக்கும் பகுதிக்குப் போய், வீடியோ_டிஎஸ் ஃபோல்டரையும் படங்கள் உள்ள ஃபோல்டரையும் சேருங்கள். டிவிடி வீடியோவுக்கு ஏற்ப அமைப்பை மாற்றவா என்று அது கேட்டால் சரி என்று சொல்லுங்கள். கிடைக்கும் ஐஎஸ்ஓ கோப்பை விஎல்சியில் திறந்து, மெனுவிலிருந்து கடைசிப் படம் வரை முழுக்கப் பாருங்கள். பிழை இருந்தால் வட்டு வீணாகாமல் இங்கேயே திருத்திக்கொள்ளலாம்.

வெற்று வட்டில் டிவிடி-ஆர், டிவிடி+ஆர் என்று இரண்டு வகை உண்டு. பழைய பிளேயர்களுக்கு டிவிடி-ஆர் கூடுதலாகப் பொருந்தும். அட்டையில் 16எக்ஸ் என்று போட்டிருந்தாலும் 8எக்ஸ் வேகத்திலேயே பதியுங்கள். ‘வெரிஃபை’ டிக் இருக்கட்டும். முதல் வட்டை வீட்டில் இருப்பதிலேயே பழைய பிளேயரில் போட்டுப் பாருங்கள். அதில் ஓடினால் மீதியைத் தைரியமாகப் போடலாம்.

வட்டின் மேல் பால்பாயின்ட் பேனா படக் கூடாது. ஸ்டிக்கரும் ஒட்டக் கூடாது. வட்டில் எழுதுவதற்கென்று விற்கும் மார்க்கர் பேனாவால் பெயரும் தேதியும் எழுதுங்கள். பெட்டியில் நிறுத்தி, வெயில் படாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். பதிந்த சாயத்தை வெயில் கெடுக்கும்.

பாட்டின் உரிமை

சினிமாப் பாட்டு யாரோ ஒருவருக்குச் சொந்தம். 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, திருமண ஊர்வலத்திலும் திருமணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களிலும் பாட்டை ஒலிக்கவிட விலக்கு அளிக்கிறது. அது ஒலிக்கவிடுவதற்கு மட்டுமே; பாட்டைச் சேர்த்துப் பிரதி எடுத்து விற்பதற்கு அல்ல. காசு வாங்கிக்கொண்டு செய்து கொடுப்பவர்கள் உரிமையுள்ள இசையையே பயன்படுத்த வேண்டும். யூடியூபில் ஏற்றினால் பாட்டை அது தானாகவே அடையாளம் கண்டு, உரிமையாளர் சொன்னபடி ஒலியை நிறுத்தவோ வீடியோவைத் தடுக்கவோ செய்யும்.

வழி இல்லாமல் இல்லை. யூடியூபின் ஆடியோ லைப்ரரியில் இலவச இசை நிறைய இருக்கிறது. அதைவிடச் சிறந்தது வீட்டிலேயே கிடைக்கும். தியாகராஜர் கீர்த்தனையை யாரும் பாடலாம். ஒருவர் பாடிய பதிவுக்குத்தான் உரிமை உண்டு. பாட்டு கற்றுக்கொள்ளும் பேத்தியை மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பாடச் சொல்லி, போனில் பதிந்து மூன்றாவது பகுதிக்கு வைத்தால் உரிமைச் சிக்கலும் இல்லை. விழாவில் அதிகம் பேசப்படுவதும் அதுவாகத்தான் இருக்கும்.

கொடுக்கும் முன் சரிபார்க்க

• பெயர்களும் ஆண்டுகளும் சரியா? வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் காட்டினீர்களா?
• உறவுப் பட்டியலில் எல்லோருக்கும் டிக் விழுந்ததா?
• மூன்று பாட்டும் ஒரே ஒலி அளவில் கேட்கிறதா?
• காட்சி முடிந்ததும் மெனுவுக்குத் திரும்புகிறதா?
• மூலப் படங்கள் கணினியில் திறக்கின்றனவா?
• வெளிநாட்டுக்குப் போகும் வட்டுகள் தனியாகக் குறிக்கப்பட்டனவா?
• ஐஎஸ்ஓ கோப்பும் எம்பி4 கோப்புகளும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் இன்னொரு பிரதியாக இருக்கின்றனவா?

கடைசிக் கேள்விக்கு ‘ஆம்’ என்று சொல்ல முடியாவிட்டால் மற்றவை எல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. வட்டு கீறும், ரைட்டர் பழுதாகும். ஐஎஸ்ஓ கோப்பு இருந்தால் இன்னொரு வட்டு பத்து நிமிட வேலை. விழா முடிந்த மறுவாரமே ‘எனக்கு ஒன்று கிடைக்கவில்லையே’ என்று எப்படியும் இரண்டு பேராவது போன் செய்வார்கள். ஐந்தாறு வெற்று வட்டுகளைக் கூடுதலாகவே வாங்கி வையுங்கள்.